போப்பையர் ஊட்டியில் யாருக்குப் பாடம் நடத்தினார்?

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஏப்ரல் 24 ஜி.யு. போப் பிறந்த நாள். அன்றைக்குப் பரீட்சை நேரம் என்பதால் நாங்கள் ஒரு வாரம் முன்னாலேயே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையைப் பேச வைத்துவிடுவோம்.

வருடா வருடம் நான் எழுதிக் கொடுப்பது ஒரே பேச்சுதான். 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார், 19 வயதில் கப்பலேறி வந்தார், திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார், கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னார். எல்லோரும் கை தட்டுவார்கள், மணி அடித்துவிடும்.

இந்த வருடம் பேர் கொடுத்தவன் எட்டாம் வகுப்புப் பையன். அப்பாவும் அம்மாவும் தேயிலை பறிக்கிறவர்கள். நான் கொடுத்த தாளை மனப்பாடம் செய்வதோடு விடாமல் நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறான். நேற்று வந்து கேட்டான்: “டீச்சர், அவரு நம்ம ஊட்டியிலயே பத்து வருசத்துக்கு மேல ஹெட்மாஸ்டரா இருந்தாருன்னு போட்டிருக்கு. நீங்க குடுத்த தாள்ல ஊட்டியே இல்லையே? அப்போ இந்த மலைக்காரங்க நெறைய பேரு அவருகிட்ட படிச்சிருப்பாங்களா?”

“விசாரிச்சுச் சொல்றேன்டா” என்று அனுப்பிவிட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. அது வெள்ளைக்காரப் பையன்களுக்கான பள்ளி என்று எனக்குத் தெரியும். அவ்வளவு ஆசையாகக் கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். ஊட்டியில் இருந்த அத்தனை வருடமும் போப்பையர் என்ன செய்துகொண்டிருந்தார்? நம் புத்தகங்கள் அந்தக் காலத்தை ஏன் தாண்டிப் போகின்றன? பிரம்பு எடுத்தால் விடமாட்டார் என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

சாயர்புரத்தான்:

டீச்சர், பையனை எங்கள் ஊரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அவர் பேரிலேயே கல்லூரி இருக்கிறது, 1962இல் தொடங்கியது. அதில் படித்தவன் நான்.

1842இல் போப்பையர் சாயர்புரத்துக்கு வந்தபோது அவருக்கு 22 வயது. தேரி மணலும் பனையும் வெயிலும்தான் ஊர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து இங்கிலீஷ், லத்தீன், எபிரெயம், கணக்கு, தத்துவம் எல்லாம் நடத்தினார். அடுத்த வருடம் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டத்தின் முதல் படி ஏறினார். பிறந்தது வெஸ்லியன் என்ற மெதடிஸ்ட் சபைக் குடும்பம், சபை மாறினது இங்கே வந்த பிறகுதான். 1845இல் முதல் மனைவி மேரி தூத்துக்குடியில் இறந்துபோனார். அப்போது இவருக்கு வயது 25. எங்கள் பாட்டி காலத்தில்கூட ‘போப்பையர் பள்ளிக்கூடம்’ என்றுதான் பேச்சு.

நம் பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினாரா என்று கேட்டால், நடத்தினார். எங்கள் செம்மண்ணில் நடத்தினார். உங்கள் பையனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஐயர்:

மகளே, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். தூக்கம் வரவில்லை. எனக்கு 74 வயது, குருப்பட்டம் பெற்று 46 வருடம். அதில் 12 வருடம் இதே மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். பள்ளியின் பேர் வேண்டாம். அங்கியும் பிரம்பும் ஒரே ஆணியில் தொங்கிய வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் பையனுக்கான பதில். ஊட்டியில் போப்பையர் நடத்திய கிராமர் ஸ்கூல் ஐரோப்பியப் பையன்களுக்காக நடந்தது. இந்த மலை மக்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல். அந்தக் காலத்துத் துரைமார் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினார்கள். அதற்கு வசதி இல்லாதவர்களுக்கும் பிள்ளையைப் பிரிய மனசில்லாதவர்களுக்கும் மலைப்பள்ளிதான் கதி. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் அசைலம் என்ற விடுதிப் பள்ளி 1858இல் வந்தது. அதே காலத்தில்தான் போப்பையரும் மலையேறி இந்தப் பள்ளியைத் தொடங்கினார். ரயில் போத்தனூருக்கு வந்ததே 1862இல். மேட்டுப்பாளையத்துக்கு 1873இல்தான் வந்தது. அவரிடம் படித்த பையன்கள் குன்னூர் மலைப்பாதையில் வண்டியிலும் மட்டக் குதிரையிலும் நடந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஊட்டிக்கு ரயில் வந்த வருடம் 1908. போப்பையர் ஆக்ஸ்ஃபோர்டில் கண் மூடிய வருடமும் அதுதான்.

ஏன் மலையேறினார்? அதற்கு முன்னால் தஞ்சாவூரில் ஊழியம் செய்தபோது அவருக்குப் பெரிய மனவருத்தம் நடந்தது. சபைக்குள் சாதி வேற்றுமையை விடவேண்டும் என்று கறாராக நின்றார். அங்கே தலைமுறை தலைமுறையாக லுத்தரன் மிஷன் வழியில் வந்த சபையாருக்கு அது ஒத்துவரவில்லை. சண்டை வலுத்தது. அவர் நின்ற பக்கம் சரியான பக்கம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் பேசிய தோரணையில் இளக்கம் இருந்திருக்காது என்றும் நினைக்கிறேன். ஆளைத் தெரிந்துதான் சொல்கிறேன். அவரை அல்ல, என்னை.

இப்போது பிரம்பு. போப்பையர் கண்டிப்புக்குப் பேர் போனவர். சாயர்புரத்திலும் சரி, இங்கேயும் சரி, பிறகு பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் சரி. அதை மறைக்காதே. மறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நவம்பர் கடைசி. உறைபனி விழுந்து மைதானம் உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்த காலை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது நாளாகக் காலை ஜெபத்துக்குப் பிந்தி வந்தான். கையை நீட்டு என்றேன். நீட்டினான். குளிரில் விரல் மடிப்பெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் ரத்தம் சிவப்பு நூல் மாதிரி நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அடித்தேன், மூன்று அடி. மத்தியானம் விடுதி மேட்ரன் அம்மா வந்து சொன்னார்: கொதிகலன் பழுதாகி மூன்று நாளாகிறது, சின்னப் பிள்ளைகள் குளிப்பதற்கு அடுப்படியிலிருந்து வாளி வாளியாக வெந்நீர் சுமந்துகொண்டிருந்தவன் அவன்தான் என்று. அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் வரிசையாக வந்து முழங்காலிட்டார்கள். அதே கையை என் முன்னால் நீட்டினான். அப்பத்தை அதில் வைத்தேன். வைக்கும்போது வாசகம் என் வாயில் தடுமாறியது. அன்று மாலை விடுதிக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரம்பை அதன்பிறகு தொடவில்லை.

தலைமையாசிரியன் அடிக்கிற கையை அங்கிக்குள் இருக்கிறவன் பிடிக்க முடியாமல் போகிற இடம் அது. போப்பையருக்கு அப்படி ஒரு காலை இருந்ததா என்று எனக்கு எதுவும் சொல்ல உரிமை இல்லை. அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் பிரம்பு இருந்தது என்பார்கள். இருந்தது. அடி வாங்கிய கை அந்தந்தப் பையனுடையதுதானே.

இனி, ஊட்டிக் காலத்தில் ஏன் பெரிய தமிழ் நூல் எதுவும் வரவில்லை என்பது. அவர் வயதை எண்ணிப் பார். ஊட்டிக்கு வந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தார், 1870இல் பள்ளியை விட்டபோது ஐம்பது. பெங்களூரில் இன்னும் ஒரு பத்து வருடம் பள்ளிப் பொறுப்பு. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்புகிறார். 1886இல் குறள், வயது 66. 1893இல் நாலடியார், வயது 73. 1900இல் திருவாசகம், வயது 80. அவர் பேர் சொல்லும் மூன்று மொழிபெயர்ப்பும் பள்ளிக்கூட மணி ஓய்ந்த பிறகு வந்தவை.

விடுதிப் பள்ளி நடத்தியவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விடியற்காலை ஜெபம், பிறகு வருகைப்பதிவு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது, பாடம், சம்பளக் கணக்கு, பெற்றோருக்குக் கடிதம். நடுவில் சபையில் ஒருவர் இறந்துவிட்டால் பரீட்சை ஹாலிலிருந்து அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு. ராத்திரி விடுதியில் விளக்கணைத்து வந்து உட்கார்ந்தால் ஒன்பதரை. சங்கீதங்களுக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டுமென்று நான் ஒரு நீல நோட்டு வாங்கி வைத்தேன். 12 வருடத்தில் 23ஆம் சங்கீதம் தாண்டவில்லை.

அதற்காக அவர் தமிழை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வந்தவர் என்று நினைத்துவிடாதே. இளவயதில் சென்னையில் இராமாநுச கவிராயரிடம் முறையாகப் பாடம் கேட்டவர். 1855இல் முதலில் அச்சான அவருடைய தமிழ்க் கையேடு திரும்பவும் அச்சேறிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்திய வரலாற்றுப் பாடநூல் எழுதினார். 1864இல் கேன்டர்பரி பேராயர் அவருக்கு டி.டி. என்ற இறையியல் டாக்டர் பட்டம் கொடுத்தார். அப்போது அவர் ஊட்டி ஹெட்மாஸ்டர். இதைப் பையன் தாளில் சேர்.

தொட்டபெட்டா தம்பி:

ஐயர் சொன்னதோடு ஒன்று. நான் மொழியியல் படிக்கிறேன். தோடர் மொழிக்கு இலக்கணச் சுருக்கம் எழுதியவர்களில் போப்பும் ஒருவர். 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார், அதன் கடைசியில் போப்பின் இலக்கணம் இருக்கிறது. கேத்தியிலிருந்த பேசல் மிஷன் ஊழியர் மெட்ஸ் பல வருடமாகத் திரட்டிவைத்த சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துத்தான் எழுதினார். அதில் காது தவறிய இடங்கள் உண்டு. தோடர் மொழியில் நம் காதுக்குப் பிடிபடாத ஒலிகள் நிறைய. 1930களில் எமனோ என்ற மொழியியல் அறிஞர் வந்து மந்து மந்தாக, அதாவது தோடர் குடியிருப்பு ஒவ்வொன்றிலும், உட்கார்ந்து கேட்ட பிறகுதான் அது ஒழுங்கானது. இருந்தாலும், வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பக்கத்து மேட்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு காதைத் திறந்து வைத்திருந்தார் என்பதுக்கு இது சாட்சி. மலைப் பிள்ளைகள் கேட்கவேண்டிய செய்தி இது.

கடற்கரைச் சிலை:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மெரினாவில் 1968இல் சிலை வைத்துக் கொண்டாடிய மனிதரைப் பற்றி ஒரு பள்ளிக்கூட விழாவில் ‘நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, பிரம்பால் அடித்தார்’ என்றெல்லாம் பேச வேண்டுமா? நம் நூல்களை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அவர். நன்றி என்று ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நன்றியைச் சொல்லிக் கொடுப்போம், மற்றது காலேஜில் படித்துக்கொள்ளட்டும்.

கோத்தகிரி ஐயர்:

தம்பி, நன்றி எனக்கும் உண்டு. திருவாசகத்தை நான் முதலில் முழுதாகப் படித்ததே அவருடைய பதிப்பில்தான், தமிழ் மூலமும் இங்கிலீஷும் சேர்ந்து இருக்கும். ஒரு கிறிஸ்தவ குரு மாணிக்கவாசகரோடு அவ்வளவு பணிவாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குள் எத்தனையோ பூட்டுகள் திறந்தன. ஆனால் அந்தப் பையன் நமக்காகக் காத்திருக்கவில்லையே. அவனே படித்துக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டான். கேட்ட பிள்ளையிடம் மழுப்பினால், அடுத்த முறை அவன் கேட்கமாட்டான். 

ஜெரிக்கோவிலிருந்து:

நான் குன்னூரில் பிறந்தவள், இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் நர்ஸ் வேலை, வீடு அங்கே ஜெரிக்கோ என்ற பகுதியில். டீச்சரம்மா, உங்கள் பேச்சின் கடைசி வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

போப்பையரின் கல்லறை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வால்டன் தெருவிலிருந்து உள்ளே ஒரு ஒடுக்கமான பாதை போகும், அதன் முடிவில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். இப்போது அங்கே அடக்கம் எதுவும் நடப்பதில்லை, மரமும் புல்லும்தான். முதல் தடவை போனபோது ‘தமிழ் மாணவன்’ என்ற வார்த்தையைத் தேடிக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கூடப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அங்கே இல்லை.

இருப்பது இதுதான், முழுக்க இங்கிலீஷில். அவர் பேர், டி.டி. பட்டம், ‘தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்’ என்ற அடையாளம், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் நடத்தியது, பேலியல் கல்லூரிக் குருவாக இருந்தது, பிறந்த தேதி, 1908 பிப்ரவரி 11 என்று இறந்த தேதி. அதற்கும் கீழே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அன்பான தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று செதுக்கியிருக்கிறது.

கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் செத்தவரை ‘தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது மனைவி ஹென்றியெட்டா 1911இல் இறந்தார், அவரும் அங்கேதான். எனக்கு இதுவே போதுமாக இருந்தது. இல்லாத வரிக்காக அழுததைவிட இருக்கிற வரியைப் படித்து அதிகம் அழுதேன்.

இன்னொன்று. பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான். திருவாசகத்தை முடிக்க ஆயுள் போதுமா என்று போப்பையர் தயங்கினபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கிறவரை இருப்பீர்கள் என்று தேற்றியவர் அவர். போப்பையரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். புத்தகம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1893இல் ஜோவெட் போய்விட்டார்.

அந்த முன்னுரையைத் தன் 80ஆவது பிறந்த நாளில் எழுதி முடித்ததாகத் தேதி போட்டிருக்கிறார். பழைய குறிப்பைப் பார்த்தால் தான் முதல் தமிழ்ப் பாடம் கேட்டது 1837இல் என்று தெரிகிறது என்கிறார். கப்பலேறுவதற்கே இரண்டு வருடம் முன்னால், 17 வயதில். உங்கள் பையனுக்குக் கடைசி வரி வேண்டுமென்றால் இது ஆகுமா, பாருங்கள்.

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஐயர் ஐயா, உங்கள் பதிலை ஸ்டாஃப் ரூமில் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். பி.டி. சார் எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் பார்த்தால் அவர் மேஜையில் எப்போதும் கிடக்கும் மூங்கில் குச்சியைக் காணோம்.

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “இல்லடா, அந்தப் பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைங்க படிக்கல. வெள்ளைக்காரப் பசங்களுக்கு மட்டுந்தான்” என்றேன். தட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். முட்டை ஓட்டைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டே, “சாயர்புரத்துல?” என்று கேட்டான். அங்கே படித்தார்கள் என்றேன். “அப்போ ரெண்டையும் சொல்றேன் டீச்சர்” என்றான். தோடர் மொழி விஷயத்தைச் சொன்னதும் கண் விரிந்துவிட்டது. அவன் வகுப்பில் தோடர் மந்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஓடிப்போய் என்னவோ கேட்டுவிட்டு வந்து, பேச்சின் நடுவில் அவள் மொழியில் ஒரு வணக்கம் சொல்லப்போவதாகச் சொல்கிறான். அவள் நான்கு தடவை சொல்லிக் கொடுத்தும் இவனுக்கு அந்த ஒலி வரவில்லை. இன்னும் பயிற்சி நடக்கிறது.

கடற்கரைச் சிலை ஐயா, நீங்கள் சொன்னதும் என் மனசில் இருக்கிறது. பேச்சு நன்றியோடுதான் முடியும். கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்ற வரியை அடித்துவிட்டேன். இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகள் வாயால் அதைச் சொல்லவைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அந்த இடத்தில் 80 வயதுக்காரர் தன் முதல் தமிழ்ப் பாடத்தின் வருடத்தைத் தேடி எடுத்து எழுதியது வருகிறது. பையனிடம் உன் முதல் தமிழ்ப் பாடம் எப்போது என்று கேட்டேன். அங்கன்வாடியில் ‘அம்மா இங்கே வா வா’ என்றான். அதையும் சேர்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

குன்னூர்த் தங்கச்சி, ஒரு உதவி. கல்லிலுள்ள எழுத்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? வருகிற வியாழக்கிழமை பேச்சு. எங்கள் பள்ளிப் பிரிண்டர் கறுப்பு வெள்ளைதான், அதனால் வெளிச்சம் நன்றாக விழும் நேரமாகப் பார்த்து எடுங்கள்.

ஜெரிக்கோவிலிருந்து:

இன்றைக்கு நைட் ஷிப்ட். விடிந்ததும் நேரே அங்கே போகிறேன் அக்கா. காலை வெயில் ‘தமிழ் நண்பர்கள்’ என்ற வரியில் விழுகிறதா என்று பார்த்து எடுத்து அனுப்புகிறேன்.